வண்டி பீமன்

மேலத்தண்டலம்
9.3.2025

அன்புள்ள தம்பி துரைராஜுக்கு,

அக்கா கோமளவல்லி எழுதுவது. என் நம்பர், உன் மாமா நம்பர், பையன் விஜய் நம்பர் மூன்றையும் நீ போனில் பிளாக் செய்து பத்து மாதம் ஆகிறது. தபால்காரரை அப்படிச் செய்ய முடியாதே என்று இன்லேண்டு லெட்டர் வாங்கப் போனேன். தபால் ஆபீஸ் பெண், "இன்னா டீச்சர், வாட்ஸ்அப் இல்லாத ஆளு கூட கீறாங்களா?" என்று கேட்டாள். "எல்லாம் கீதும்மா, அதோட கோவமும் கீது" என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிறார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ராத்திரிக் கூத்துக்குப் பீமன் கூத்து ஜமாவிலிருந்து வருவார். ஆனால் பகலில் சோற்று வண்டியில் ஏறி, வீட்டுக்கு வீடு ஒரு வாய் வாங்கிக்கொண்டே போய், கடைசியில் ஏரிக்கரையில் பகாசுரனை அடித்துப் போடுகிற வண்டி பீமன் மட்டும் ஊர்ப் பிள்ளையாக இருக்க வேண்டும். பீமனின் கிரீட முடி வைத்தவன் மூன்று வருஷம் வைக்க வேண்டும். நடுவில் ஆள் மாற்றக் கூடாது. நீ வைத்தது ஒரு வருஷம்.

உனக்கு முன்னால் வண்டி பீமனாக இருந்த பச்சமுத்துதான் இப்போது கமிட்டித் தலைவர். நேற்று வாசலில் நின்றுகொண்டு, "டீச்சரம்மா, ஒன் தம்பி வருவானா மாட்டானா? அவன் வரலைன்னா இந்த வருசம் வண்டி கெளம்பாது. ஊரு ஒன் வூட்டத்தான் கேக்கும், பாத்துக்கோ" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

ஊர் கேட்பது இருக்கட்டும். நான் கேட்கிறேன். வருவாயா?

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு பையன் புலி வேஷம் போட்டான். மேடையில் தும்மினான். புலியின் மூக்கு கழன்று முன் வரிசையில் இருந்த உதவிக் கல்வி அலுவலர் மடியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மறு வருஷம் கூட்டம் இரண்டு மடங்கு. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "புலி எப்போ வரும்?" சிரிக்கிறவர்கள் எல்லாரும் கேலி செய்கிறவர்கள் இல்லை, துரை.

பதில் போடு. திட்டியாவது எழுது.

அக்கா


வாலாஜாபாத்
17.3.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு நலம்.

நான் புலி வேஷம் போட்ட பையன் இல்லை. ஐம்பத்தெட்டு வயது ஆள். பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசில் உட்கார்ந்து வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிறவன். பத்து வருஷமாக என் முன்னால் எந்த டிரைவரும் குரலை உயர்த்தியது கிடையாது. இப்போது ஒவ்வொரு கண்டக்டரும் ஜன்னலில் தலையை நீட்டி, "பீமன் முழிச்சிக்கினு கீறாரா? அப்ப எடுக்கலாம், ரைட்" என்று விசில் ஊதுகிறான். தினமும் யாரோ ஒருவர் என் மேஜையில் ஒரு மெதுவடை வைத்துவிட்டுப் போகிறார். யார் என்று தெரியவில்லை.

போன வருஷம் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு மறந்திருக்கும். முடியைக் கட்டி டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினீர்கள். முதல் தெருவிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் வாயில் ஊட்டினார்கள். விழுங்கினேன். விழுங்கத்தானே கொடுக்கிறார்கள்? என் முதுகுக்குப் பின்னால் வைக்கோலில் மறைத்து ஒரு அண்டா இருந்தது. குடிக்கிற தண்ணீர் என்று நினைத்தேன். வாயில் வாங்குவது போல வாங்கி, முகத்தைத் திருப்பி அதில் துப்பிவிட வேண்டும், அதுதான் காலங்காலமாக எல்லா வண்டி பீமன்களும் செய்வது என்பது எனக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. சுகர் நானூறைத் தாண்டியிருந்தது.

கடைசித் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது கண் சொருகியது. சோற்றுக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டேன். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். பகாசுரன் வேஷத்தில் இருந்த கலைச்செல்வன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அண்ணே, எந்திரிண்ணே. என்னக் கொல்லணும்ண்ணே, டைம் ஆவுது" என்று கெஞ்சுகிறான். நான் குறட்டை விடுகிறேன். உன் மகன் அதை எடுத்து, என் குறட்டைக்குத் தாளம் சேர்த்து, ரீல்ஸில் போட்டான்.

விஜய் சின்னவன். அவனை விட்டுவிடலாம். ஆனால் அந்த வீடியோவில் முதலில் கேட்கிற சிரிப்பு உன்னுடையது. ஊரே சிரித்தாலும் உன் சிரிப்பு எனக்குத் தெரியும்.

பச்சமுத்து அண்ணனிடம் வேறு ஆள் பார்க்கச் சொல். மஞ்சுளா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்க ஊரு சாமிக்குப் படைக்க என் புருசன்தான் கெடச்சாரா?"

துரைராஜ்


மேலத்தண்டலம்
25.3.2025

அன்புள்ள துரைக்கு,

சிரித்தேன். இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, பேனா ஆடுகிறது பார். தன்னைக் கொல்லச் சொல்லி ஒரு அரக்கன் கெஞ்சினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புத்தான், உன்னைத் தாழ்த்திச் சிரித்தது இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லித் தர எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

விஜய் அன்றைக்கே அந்த வீடியோவை நீக்கிவிட்டான். அதற்குள் பலர் வைத்துக்கொண்டார்கள். கரும்பலகையில் எழுதியதை டஸ்டரால் அழிக்கலாம். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால் என்ன செய்வது? அவன் உன் முன்னால் வர வெட்கப்பட்டுக்கொண்டு கிடக்கிறான்.

அண்டா விஷயம். அதை முடி கட்டும்போது பழைய பீமன்தான் புதிய பீமனின் காதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து பச்சமுத்து டிராக்டருக்கு டீசல் வாங்கப் போய்விட்டார். கூத்து வாத்தியார் சொல்லியிருப்பார் என்று அவர் நினைத்தார், அவர் சொல்லியிருப்பார் என்று வாத்தியார் நினைத்தார். நான் சொல்லியிருக்கலாமே என்பாய். அது பெண்களுக்குத் தெரியக் கூடாத விஷயமாம். எங்களுக்குத் தெரியாது என்று ஆண்கள் நம்புகிறார்கள். மறுநாள் யார் யார் வீட்டு மாடு அந்த அண்டாச் சோற்றைத் தின்கிறது என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் வருஷா வருஷம் யாரும் மெனக்கெட்டுச் சமைப்பதில்லை. மாட்டுக்குப் போகிற சோறுதானே என்று ரேஷன் அரிசியை வடித்து, முந்தின நாள் குழம்பை ஊற்றிக் கொடுப்போம். போன வருஷமும் அப்படித்தான் கொடுத்தார்கள். நீ விழுங்கினாய். விழுங்கியதோடு நிற்காமல், அம்முலுவிடம், "உப்பு கொஞ்சம் கம்மிம்மா. ஆனா புளி சரியா கீது. எப்படிக் கரைச்ச?" என்று கேட்டாயாம். அவள் என்னிடம் வந்து சொல்கிறாள்: "எம் புருசன் இருவது வருசமா என் கையால துன்னுக்கினு கீறான் டீச்சர். இது இன்னா கொழம்புன்னு ஒரு நாளு கேட்டதில்ல. பீமன் கேட்டாரு." சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களைத்தான் நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று, வீடியோவில் இல்லாதது. நம் வீடு கடைசித் தெருவில் கடைசி வீடு. என் தம்பி வருகிறான், இவன் துப்பினாலும் பரவாயில்லை, நல்லதைத் துப்பட்டும் என்று மாங்காய் போட்டுக் காராமணிக் குழம்பு வைத்திருந்தேன். தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். நீ தூங்கிக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போனாய். சிரித்துக்கொண்டே தட்டை உள்ளே வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் ஏரிக்கரைக்கு வந்தேன். அந்தத் தட்டைச் சாயங்காலம் வரைக்கும் யாரையும் எடுக்க விடவில்லை.

அக்கா


வாலாஜாபாத்
5.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாங்காய் போட்ட காராமணிக் குழம்பா? அதை ஏன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மஞ்சுளா உன்னை வார்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

அம்முலு வீட்டுக் குழம்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது தெருவில் நீல கேட்டு போட்ட வீட்டில் வேர்க்கடலைத் துவையல் வைத்து ஒரு உருண்டை கொடுத்தார்கள், அது யார்? கோயிலுக்குப் பின்னால் ஒரு பெண் கையில் குழந்தையோடு வந்து வெறும் ரசம் சோறு ஊட்டினாள். "வேற ஒண்ணும் பண்ண முடியலண்ணே, கொயந்தைக்கு ஜொரம்" என்றாள். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? கேட்டுச் சொல்.

உன் கடிதங்களை மஞ்சுளாவும் படிக்கிறாள். காராமணிக் குழம்பு வந்த இடத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு அரிசி களைந்துகொண்டே, "சுகர் ஏறி நீங்க பேச்சு மூச்சில்லாம கெடந்தப்ப நான்தான் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தேன். ஒங்க ஊரு இல்ல" என்றாள்.

என் நிலைமை இதுதான் அக்கா. அம்முலு சொன்னதைப் படித்த பிறகு அண்டாவில் துப்புகிற பீமனாக வர மனசு ஒப்பவில்லை. விழுங்குகிற பீமனாக வர உடம்பு ஒப்பாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பீமன் இருந்தால் நீயே கண்டுபிடித்து வண்டியில் ஏற்று.

வருவதாகச் சொல்லவில்லை.

துரை


மேலத்தண்டலம்
15.4.2025

அன்புள்ள துரைக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறான், நடக்கிறான். அவன் அம்மா பெயர் பிரபா. நீ விசாரித்தாய் என்று சொன்னேன். நீல கேட்டு, இளவரசி வீடு. துவையலில் கொஞ்சம் பூண்டு வைத்தாளாம், அதுதான் உனக்குப் பிடித்திருக்கிறது.

நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில் எல்லாப் பெண்களும் கூடியிருந்தார்கள். தலைவலி மாத்திரை கொடுக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்து உன் சிக்கலைச் சொன்னேன். அம்முலு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இதுக்கு இன்னா டீச்சர் பேஜாரு? அரிசியாலதான சுகர் ஏறுது? அரிசிய வுட்டுடலாம்" என்றாள். அவ்வளவுதான், தீர்மானம் நிறைவேறிவிட்டது. இந்த வருஷம் பீமன் வண்டியில் கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கொள்ளு, கீரை. சர்க்கரையும் உருளைக்கிழங்கும் ஏறக் கூடாது.

பிறகுதான் தகராறு. யாரைக் கேட்டாலும் கீரை செய்கிறேன் என்கிறார்கள், சுலபம் பார். இளவரசி கத்தினாள்: "அல்லாரும் அகத்திக்கீரைய ஏத்துனா அது பீமன் வண்டியா, ஆட்டு வண்டியா?" கடைசியில் தெருவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். நாற்பது வருஷம் வகுப்பு பிரித்தவளுக்கு இது பெரிய வேலையா?

இனி இந்தப் பகுதி மஞ்சுளாவுக்கு. அம்மா மஞ்சுளா, நீ சொன்னது நியாயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீதான். அதனால் இந்த முறையும் நீயே பக்கத்தில் உட்கார். வண்டியில் ஏறு. எவ்வளவு போகலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று நீ சொன்னால் பீமன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதைக் கமிட்டியில் சொன்னேன். பச்சமுத்து குதித்தார். "பொம்பள ஏறி எந்தக் காலத்துல வண்டி போயிருக்குது?" உன் மாமா வேதாசலம் வாயைத் திறந்து பேசி நீ பார்த்திருக்கிறாயா? அன்றைக்குப் பேசினார். "பகாசுரன் கதைக்கு முன்னாடியே பீமனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி இல்ல? இடும்பின்னு வெச்சிக்கோயேன்." கூத்து வாத்தியார் யோசித்துப் பார்த்துவிட்டுக் கதையில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கொடியேற்றத்துக்கு முன்னால் பதில் வேண்டும். உன் பதிலை வைத்துத்தான் டிராக்டர் சொல்ல வேண்டும். வண்டி போகாவிட்டால் பச்சமுத்து என் வாசலில் கத்துவார், அது எனக்குப் பெரிதில்லை. இன்னொரு வருஷம் அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை, துரை.

அக்கா


வாலாஜாபாத்
22.4.2025

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், மதுராந்தகம் வண்டி நிற்கிறது. மஞ்சுளா எழுதச் சொன்னது இது மட்டும்தான்:

"என்ன இடும்பின்னு சொன்னது யாரு? நேர்ல வந்து பேசிக்கிறேன்."

அதனால் டிராக்டர் சொல்லிவிடு.

துரை


மேலத்தண்டலம்
14.5.2025

அன்புள்ள துரைக்கு,

போன் இப்போது போகிறது. ஆனால் மணி அடித்தால் எடுப்பவள் மஞ்சுளா. நான் கேட்க வேண்டியதோ அவளைப் பற்றி. அதனால் இந்த ஒரு கடிதத்தை டைம் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு நீயே வைத்துக்கொள்.

ஊரெல்லாம் உன் பேச்சுத்தான். பகாசுரனை நீ அடித்த அடியில் கலைச்செல்வனுக்கு நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டதாம். "போன வருசத்துக்கும் சேத்து அடிச்சிட்டாரு" என்று தைலம் தடவிக்கொண்டு திரிகிறான். விஜய் வண்டிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தான், போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நீ அவன் தலையில் கதையால் ஒரு தட்டுத் தட்டினாயே, அதற்கப்புறம்தான் அவன் வீட்டில் சரியாகச் சாப்பிடுகிறான்.

என் வாசலில் வண்டி நின்றது. நீ விழித்துக்கொண்டிருந்தாய். அரிதாரம் வழிந்து, முடி சாய்ந்து, வாயைத் திறந்தாய். ஒரு வாய் கொடுத்தேன். இன்னும் என்றாய். நான்கு வாய் வாங்கினாய். சாமைச் சோறுதான், ஆனாலும் குழம்பு அதே குழம்பு. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆனால் ஊர் முழுக்க அரை வாய், கால் வாய் என்று வாங்கி வந்தவன் என் வீட்டில் நான்கு வாய் சாப்பிட்டது மஞ்சுளாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. நான் இரண்டாவது வாயை எடுக்கும்போதே விறுக்கென்று வண்டியை விட்டு இறங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போய்விட்டாள். ஏரிக்கரைக்கு வண்டி போனபோதும் வரவில்லை. அப்புறம் பஸ் ஏறும்போது சிரித்துத்தான் பேசினாள், ஆனால் என் மனசு கேட்கவில்லை. அன்றைக்குக் குழம்புச் சட்டி வேறு காலி. விஜய்தான் வழித்துத் தின்றான் என்று அவனைத் திட்டிவிட்டேன்.

அவளுக்கு என் மேல் கோபமா? சுகர் ஏறியதா? உண்மையைச் சொல்.

அக்கா


வாலாஜாபாத்
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகர் ஏறவில்லை. நூற்று அறுபதுக்குள் நிற்கிறது. டாக்டர், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ஊரைச் சாப்பிட்டேன் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தை மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து மஞ்சுளா படித்துவிட்டாள். அதனால் இதை அவள் பக்கத்தில் இருக்கத்தான் எழுதுகிறேன்.

வண்டியில் நடந்தது உனக்குத் தெரியாது. முதல் வீட்டிலிருந்து அவள் கை என் வாய்க்குக் குறுக்கே இருந்தது. யார் ஊட்ட வந்தாலும் உருண்டையைப் பாதியாகக் கிள்ளி, மிச்சத்தை அவர்கள் தட்டிலேயே வைத்தாள். "ஏம்மா, பீமனுக்கு எறும்புக்குப் போடற மாதிரி போடற?" என்று சண்டைக்கு வந்தார்கள். அம்முலு வீட்டில் நான் இன்னொரு வாய் கேட்டேன். இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். வலியில் அலறிக் கதையைக் கீழே போட்டுவிட்டேன், பீமன் உறுமுகிறான் என்று ஊர் கை தட்டியது. இளவரசியின் துவையலையும் அப்படித்தான் தடுத்தாள். ஒவ்வொரு தடவையும் என் காதில் சொன்னது ஒன்றேதான்: "அண்ணி வூடு இன்னும் வரல."

அந்த நான்கு வாய் நான் கேட்டதால் மட்டும் கிடைத்தது இல்லை அக்கா. அவள் காலையிலிருந்து மிச்சம் பிடித்து வைத்திருந்தது.

பிறகு ஏன் இறங்கிப் போனாய் என்று நானும் கேட்டேன். மேஜையைத் தட்டி, இதை வார்த்தை மாறாமல் எழுது என்கிறாள்:

"ஊரே திரண்டு வந்து பீமனுக்கு ஊட்டுச்சி. பக்கத்துல நாளு முழுக்க ஒருத்தி வெய்யில்ல ஒக்காந்துக்கினு கீறாளே, அவளுக்கு ஒரு வாய் குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. ஒங்க அக்கா அந்தக் கொழம்பத் தூக்கினு வந்து நின்னப்ப வாசன தாங்கல. கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல, பசி. பின்பக்கமா போயி அடுப்பாண்ட ஒக்காந்து துன்னேன். வெஜய திட்ட வேணாம்னு சொல்லுங்க, சட்டிய வழிச்சது நான்தான்."

துரை